குழந்தைக் காதும் பால்கன் தாளமும்

பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளும் இசை மேதைகள், ஒரு வயசுக்குள் அந்தத் திறமை போய்விடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. இதற்கு முட்டுக்கொடுக்க வசதியானவை எரின் ஹானனும் சாண்ட்ரா ட்ரெஹபும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகள். ஆய்வுகள் அருமையானவை. அவற்றிலிருந்து இழுக்கிற முடிவுதான் உதைக்கிறது.

பால்கன் நாட்டுப்புற இசையில் 2+2+3 மாதிரி சமமில்லாத தாளங்கள் சகஜம். (நம்ம மிஸ்ர சாபுவும் இதே ஏழுதான், 3+2+2.) வட அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஒரு மெட்டைப் பழக்கிவிட்டு, அதைத் தாளம் கெடாமலும் கெடுத்தும் மாற்றிப் போட்டார்கள். எந்த வடிவத்துக்குக் குழந்தை அதிக நேரம் பார்க்கிறது என்பதுதான் அளவுகோல். 6 மாதக் குழந்தைகள் சமமான தாளம், பால்கன் தாளம் இரண்டிலுமே வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. வட அமெரிக்கப் பெரியவர்கள் பால்கன் தாளத்தில் கோட்டைவிட்டார்கள். 12 மாதக் குழந்தைகளும் அப்படியே.

உடனே 'குழந்தை ஜெயித்துவிட்டது' என்று சொல்லலாமா? பெரியவர்கள் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். குழந்தைகளின் பார்வை நேரத்தை அளந்தார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். தவிர, ஏதோ மாறியது என்று கவனிப்பது ஒன்று, 'இது இந்த வகைத் தாளம்' என்று அறிவது வேறொன்று. பல்கேரிய, மாசிடோனியப் பின்னணி கொண்ட பெரியவர்கள் இரண்டு தாளத்திலும் தேறினார்கள். அது பல வருஷம் கேட்டு வந்த அறிவு. 6 மாதக் குழந்தைக்கு அந்த அறிவு இருக்க வழியில்லை. தடுக்கிற பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

'போய்விடுகிறது' என்பதும் நிற்காது. 12 மாதக் குழந்தைகளுக்கு வீட்டில் 2 வாரம் பால்கன் இசையைப் போட்டதும் மறுபடி பிடித்துக்கொண்டன. பெரியவர்களுக்கு அந்த அளவு பலிக்கவில்லை. ஆக, ஒரு வயசில் கதவு மூடவில்லை.

இதை ஏன் இவ்வளவு நோண்டுகிறேன்? 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு தர அரசுப் பணம் கேட்டார். அந்த மொசார்ட் பரபரப்பைக் கிளப்பிய 1993 ஆய்வில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒரு குழந்தைகூட இல்லை. பலன் நீடித்ததும் 10-15 நிமிஷம்தான்.

இப்படிப்பட்ட முடிவுகளை நம்பிப் பயப்படுவது பெற்றோர்தான். உண்மையில் 2005 ஆய்வுகள் காட்டுவது தெம்பான செய்தி: யாரும் பாடம் நடத்தாமலே, வீட்டில் ஒலிக்கும் பாட்டிலிருந்து குழந்தை தாளத்தைக் கற்றுக்கொண்டே இருக்கிறது.