எதிர்ப்பு நாடகத்தின் சொல்தேர்வு: கரமனையின் இருமொழிச் சூழலை முன்வைத்து

0. முன்னுரை

பாலியல் வன்முறைக்கும் பெண்ணைப் பண்டமாகக் காணும் நோக்கிற்கும் எதிராகத் தெருநாடகம் திட்டமிடப்படும்பொழுது கதை, களம், நடிகர் ஆகியன முதலிலும் சொல் இறுதியிலும் முடிவு செய்யப்படுவதுண்டு. இவ்வரிசை மாற வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. திருவனந்தபுரத்தின் கரமனை, தமிழ் அக்கிரகாரங்களைக் கொண்டது. நாகர்கோவில் செல்லும் சாலை அதனூடே செல்கிறது. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து ஒலிக்கும் அங்கு இத்தகைய நாடகம் நிகழ்த்தப்படுமாயின் எழும் சொற்சிக்கல்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

1. குற்றத்தின் பெயர்

'கற்பழிப்பு' என்னும் தொகையில் அழிக்கப்படும் பொருள் கற்பு, பெண்ணல்லள். 'கெடுத்துவிட்டான்' என்னும் வழக்கில் பெண் செயப்படுபொருளாகிறாள். ஆயின் கெட்டுப்போனவள் என்னும் பழி அவளையே சேர்கிறது. 'வன்புணர்வு', 'பாலியல் வன்முறை' ஆகியன இக்குறையை நீக்க வந்தவை. மலையாளத்தின் 'பலாத்ஸங்கம்' வலிமையைச் சுட்டுவது. 'மானபங்கம்' மானத்தைச் சுட்டுவது. இதழ்களில் பெருவழக்கான 'பீடனம்' துன்புறுத்தல் என்னும் பொதுப்பொருளில் குற்றத்தின் கூர்மையை மழுக்குவது. தமிழில் சொல்லப்படும் முறையீடு மலையாளத்தில் எழுதப்படும்பொழுது ஒரு மழுங்கலிலிருந்து மற்றொரு மழுங்கலுக்குப் பெயர்கிறது. காவல் நிலையக் காட்சி எழுதுவோர் இப்பெயர்ச்சியையே காட்சியின் முரணாகக் கொள்ளலாம்.

2. இழிசொல்லும் நீதிச்சொல்லும்

பெண்ணைக் குறிக்கும் 'சரக்கு' என்னும் கொச்சை இருமொழிக்கும் பொது. தெருவில் அது ஒலித்தால் இரு மொழியினருக்கும் விளங்கும். நீதிச்சொற்களுக்கு இவ்வெளிமை இல்லை. பாதிக்கப்பட்டவரைக் குறிக்கும் மலையாள 'இர', தமிழ் 'இரை'யின் இனச்சொல். தலை - தல, மலை - மல என்பன போன்றது. தமிழ்ச் செவிக்கு அது வேட்டையில் வீழ்ந்த உயிரையே நினைவூட்டும். அதற்கு மாற்றாக, 2017ஆம் ஆண்டு நடிகை ஒருவர் கடத்தித் தாக்கப்பட்ட வழக்கையொட்டிப் பரவலான 'அதிஜீவித' என்னும் சொல் தமிழருக்கு உடனே விளங்குவதன்று. இழிசொல் மொழிபெயர்ப்பின்றிக் கடக்கும் எல்லையை நீதிச்சொல் கடக்க இயலவில்லை. மொழிபெயர்ப்பாளரின் பணி இங்கேயே தொடங்குகிறது.

3. சொல்லற்ற அரங்கு தீர்வாகுமா?

உடல்மொழியே போதும் என்போர் மணிப்பூரைச் சான்று காட்டலாம். மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையை 2000ஆம் ஆண்டு எச். கன்ஹைலால் மேடையேற்றினார், சாபித்ரியின் உடலே அதன் உச்சக்கட்டத்தை ஏந்தியது. 2004 சூலை 15 அன்று இம்பாலில் காங்லா வாயிலின் முன் பெண்கள் ஆடை களைந்து போராடியபொழுது அந்நாடகம் நினைவுகூரப்பட்டது. ஆயின் அப்பெண்கள் பதாகையும் ஏந்தினர். அதன் வாசகம் மணிப்புரியில் அன்றி ஆங்கிலத்தில் அமைந்தது. உடல் பேசியபொழுதும், யாரை நோக்கிப் பேசுகிறது என்பதை மொழித்தேர்வே தெளிவாக்கியது.

4. முடிவுரை

கரமனைக்கு எழுதப்படும் நாடகம் ஒரு மொழியை மற்றொன்றின் நிழலாக்குதல் தகாது. பாத்திரங்கள் தத்தம் மொழியில் பேச, பொருள் இருவர்க்கும் எட்டுமாறு உரையாடல் அமைதல் வேண்டும். 'பெண் சிதைக்கப்பட்டாள்' எனச் செயப்பாட்டு வினையில் கூறும் வாக்கியத்தில் எழுவாயாக நிற்பவள் பெண், செய்தவன் மறைகிறான். செய்வினை அவனை எழுவாயாக்கி முன்னிறுத்தும். அரங்கில் குற்றவாளி நின்றும் வாக்கியத்தில் அவன் இல்லையெனில் அந்நாடகத்தின் எதிர்ப்பு முழுமையுறாது.