அரசமரமும் குருகுலமும்

சேரன்மாதேவியில் ரயிலைவிட்டு இறங்கி ஆற்றை நோக்கி நடந்தால் வயல்களுக்கு அப்பால் மேற்கே மலைத்தொடர் தெரிகிறது. வ. வே. சு. ஐயர் 1922-ல் ஆரம்பித்த தமிழ்க் குருகுலம் இந்தத் தாமிரபருணிக் கரையில்தான் நடந்தது. நான் அங்கே போனபோது அவருடைய 'குளத்தங்கரை அரசமரம்' கதையைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். கதையையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது என் கட்சி.

1915-ல் வெளிவந்த அந்தக் கதைதான் தமிழின் முதல் சிறுகதையா, தாகூரின் படித்துறைக் கதைக்கு அது எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்றெல்லாம் விமர்சகர்கள் நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ருக்மிணியின் தகப்பனார் பணத்தை இழக்கிறார். மாமியார் வீட்டில் பையனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். பையன் நாகராஜன் கெட்டவன் அல்ல. கடைசி நிமிஷத்தில் கல்யாணத்தை உதறிவிட்டு மனைவியோடு சேருவதுதான் அவன் திட்டம். நண்பனிடம் அதைச் சொல்கிறான். ருக்மிணியிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறான். அவள் குளத்தில் விழுந்துவிடுகிறாள். அவளைக் கொன்றதில் கொடியவர்களுக்குப் பங்கு உண்டு; நல்லவனுக்கும் உண்டு. இதைக் கண்டுகொண்டதில்தான் ஐயரின் கலை இருக்கிறது.

இனி குருகுலத்துக்கு வருவோம். தாய்மொழியில் கல்வி, உடற்பயிற்சி, கைத்தொழில், தேசபக்தி என்று அவர் கண்ட கனவு பெரியது. சிறையிலிருந்தபோது கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய ரசிகர், இங்கிருந்து 'பாலபாரதி'யையும் நடத்தினார். ஜாதி பேதமில்லாமல் எல்லோரும் பணம் கொடுத்தார்கள். காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்தது. ஆனால் பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்று இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியே சாப்பாடு போட்டார்கள். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதைக் கண்டித்தார்கள். மீதிப் பணம் நின்றது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் அப்படிச் சேர்ப்பதில்லை என்பது ஐயரின் சமாதானம். காந்திஜிவரை போன விவகாரம் 1925-ல் அவருடைய ராஜிநாமாவில் முடிந்தது. அவ்வருஷக் கடைசியில் ஈ. வெ. ரா. காங்கிரஸை விட்டே வெளியேறினார். அதற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று.

இரண்டே இரண்டு பையன்கள்தானே என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு விடுதியில் சாப்பிட்டுப் படித்தவன். அங்கே கற்ற பாடங்களெல்லாம் மறந்துவிட்டன. பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் மறக்கவில்லை. இரண்டு பேருக்குத் தனி இலை என்றால் மற்ற எல்லோருக்கும் அது ஒரு பாடம். தினம் மூன்று வேளை நடக்கிற பாடம்.

நாகராஜன் மறைத்தான், ஐயர் மறைக்கவில்லை, தள்ளிப்போட்டார். வித்தியாசம் உண்டுதான். ஆனால் காத்திருக்க வேண்டியவர்களைக் கேட்காமலே, அவர்கள் காத்திருப்பார்கள் என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டார்கள். பத்து வருஷத்துக்கு முன் கதையில் அவ்வளவு தெளிவாக எழுதிய உண்மை, தம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் கண்ணில் படவில்லை.

இதைக் காட்டி ஐயரைக் கீழே இறக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குருகுலத்தையே பேசாமல் கதையை மட்டும் போற்றுகிறவர்களோடும் இல்லை. எழுதியவனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் சக்தி ஒரு கதைக்கு இருந்தால், அது அவனைவிடப் பெரியது. எழுதுகிற எங்களுக்கு இதில் ஆறுதலும் உண்டு, பயமும் உண்டு.

1925 ஜூனில் பாபநாசத்து அருவியில் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் ஐயரும் மாண்டார். கதையிலும் தண்ணீர், வாழ்விலும் தண்ணீர் என்று பொருத்தம் பார்ப்பது மலிவான ரசனை. கதையில் ஒருவன் பேசவேண்டிய நேரத்தில் பேசாமல் நின்றான். அருவியில் இவர் ஒரு கணம்கூடத் தள்ளிப்போடவில்லை. அந்த அவசரம் பந்தியிலும் வந்திருக்கலாகாதா என்று, ஆற்றங்கரையில் நின்றபோது எனக்குத் தோன்றியது.