டார்க்கோவில் முதல் நாட்கள்: ஒரு மதிப்பீடு

கணிப்பொறி விளையாட்டு ஒன்றை அறிவியல் இதழில் மதிப்பிடுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் தன்னை மெய்ம்மைக்கு மிக நெருங்கியது என்று ஒரு விளையாட்டு சொல்லிக்கொள்ளுமானால், அந்தக் கூற்றைச் சோதித்துப் பார்ப்பது நம் வேலைதான். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உருவான ‘எஸ்கேப் ஃப்ரம் டார்க்கோவ்’ அத்தகைய விளையாட்டு. பேட்டில்ஸ்டேட் கேம்ஸ் என்னும் நிறுவனம் இதை 2017-இல் சோதனைப் பதிப்பாக வெளியிட்டது. முழுப் பதிப்பு 2025 நவம்பரில்தான் வந்தது. மக்கள் விட்டோடிய ஒரு கற்பனை நகரில் கூலிப்படை வீரனாக இறங்க வேண்டும். கிடைத்ததை எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட வாயில் வழியாக, குறித்த நேரத்துக்குள் உயிருடன் வெளியேற வேண்டும். வழியில் இறந்தால் துப்பாக்கி, கவசம், பை எல்லாம் போய்விடும். சிறிய பாதுகாப்புப் பெட்டியில் வைத்தது மட்டும் மிஞ்சும்.

புதிதாக ஆடுபவர் முதல் சில வாரங்களில் ஓயாமல் இறக்கிறார். ‘உண்மையான போர் அப்படித்தான் இருக்கும்’ என்று ரசிகர்கள் இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். இந்தச் சமாதானம் பாதிதான் சரி.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். இவ்விளையாட்டில் சுட்ட மாத்திரத்தில் குண்டு இலக்கைத் தொட்டுவிடுவதில்லை. அது பயணம் செய்கிறது, காற்றுத்தடையால் வேகம் குறைகிறது, புவியீர்ப்பால் தாழ்கிறது. தொடக்க நாட்களில் கையில் கிடைக்கும் மலிவான ஆயுதங்களுள் ஒன்று மக்காரோவ் கைத்துப்பாக்கி. அதன் குண்டு சுமார் 6.1 கிராம் நிறையுடையது. வெளியேறும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 315 மீட்டர். 50 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு 0.16 வினாடி ஆகும். அதற்குள் அது 13 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். அதே நேரத்தில், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடும் ஒருவன் 80 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பான்! அவன் மார்பைக் குறிபார்த்துச் சுட்டால் குண்டு அவன் முதுகுக்குப் பின்னால் வெற்று வெளியில் போகும். 15 மீட்டர் தொலைவில் இந்தப் பிழை கால் மீட்டராகச் சுருங்கிவிடும். ஆகவே கைத்துப்பாக்கி வைத்திருப்பவன் திறந்த வெளியைத் தவிர்த்துக் கட்டடங்களின் ஓரமாகப் போக வேண்டும் என்ற அறிவுரைக்கு, வீரத்தைவிட வகுத்தல் கணக்கே அடிப்படை.

கவசத்தைத் துளைக்கும் கணக்கு இன்னும் சுவையானது. மக்காரோவ் குண்டின் இயக்க ஆற்றல் சுமார் 300 ஜூல். ஏகே-74 துப்பாக்கியின் குண்டு 3.4 கிராம்தான், ஆனால் வினாடிக்கு 890 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 1,350 ஜூல், அதாவது நாலரை மடங்கு. இத்துடன் கதை முடியவில்லை. மக்காரோவ் குண்டின் விட்டம் 9.2 மில்லிமீட்டர்; ஏகே-74 குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். முகப்பின் பரப்பால் ஆற்றலை வகுத்துப் பாருங்கள்: முன்னதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நாலரை ஜூல், பின்னதில் சுமார் 55 ஜூல். பன்னிரண்டு மடங்கு வேறுபாடு! கட்டைவிரலால் அழுத்தினால் இறங்காத பலகையில் குண்டூசி இறங்குகிறதல்லவா, அதே காரணந்தான். குண்டின் உள்ளே இருப்பது மெல்லிய ஈயமா, கடினப்படுத்திய எஃகா என்பதும் இதனோடு சேரும். ஒரே துப்பாக்கியில் போடக்கூடிய இரு தோட்டாக்களுள் ஒன்று கவசத்தில் பட்டு நசுங்கும், மற்றொன்று துளைத்துச் செல்லும். டார்க்கோவ் இதை நன்றாகவே கையாளுகிறது. புதியவர் அழகான துப்பாக்கிக்குப் பணத்தைச் செலவிட்டு மலிவான தோட்டாவை நிரப்புகிறார். பழகியவர் சாதாரணத் துப்பாக்கியில் நல்ல தோட்டாவை நிரப்புகிறார். யார் திரும்பி வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எந்தத் தோட்டா எந்தக் கவசத்தைத் துளைக்கும் என்பதை இவ்விளையாட்டு நெடுங்காலம் தனக்குள்ளே தெளிவாகச் சொல்லவேயில்லை. ரசிகர்கள்தாம் அட்டவணை தயாரித்து வெளியே பரப்பினார்கள். உண்மையான படைவீரன் ஒருவனுக்குத் தன் தோட்டாவைப் பற்றிச் சொல்லித்தருவார்கள். பயிற்சித் திடலில் சுட்டுப் பார்க்க விடுவார்கள். அதை மறைத்து வைப்பது மெய்ம்மை ஆகாது. தேர்வுத்தாளில் மாறிலியின் மதிப்பைக் கொடுக்க மறந்துவிட்டு, கேள்வி கடினம் என்று பெருமைப்படுவது போன்றது அது.

வெளியேறும் வாயில்களும் அவ்வாறே. அவற்றின் பெயர்களைத் திரை காட்டும், இருக்குமிடத்தைக் காட்டாது. பழைய சுங்கச்சாவடிப் பகுதியான ‘கஸ்டம்ஸ்’ களத்தில், ஒரு கோடியில் இறங்குபவருக்கு வாயில் பெரும்பாலும் மறுகோடியில் இருக்கும். அதை அறியாதவர், ஒரு குண்டும் படாமலேயே நேரம் முடிந்து எல்லாவற்றையும் இழக்கிறார். இதற்கு மாற்று விளையாட்டுக்குள்ளேயே உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இழப்பில்லாமல் தனியே நடந்து பார்க்கும் பயிற்சி முறை ஒன்று இருக்கிறது. ‘ஸ்காவ்’ எனப்படும் உள்ளூர்க் கொள்ளையனாக, விளையாட்டே தரும் பழைய ஆயுதத்துடன், இடைவெளி விட்டு விட்டு இலவசமாகக் களமிறங்கவும் முடியும். நாமாக வம்புக்குப் போகாதவரை கணிப்பொறி இயக்கும் ஸ்காவ்கள் அப்போது நம்மைச் சுடுவதில்லை. ஒரே களத்தை எடுத்துக்கொண்டு, இந்த இரு வழிகளில் அதன் சாலை, வேலி, பாலம் எல்லாவற்றையும் மனப்பாடமாக்கிய பிறகு சொந்தப் பொருளுடன் இறங்குவதே முறை. துப்பாக்கி வகைகளைப் படித்துக்கொண்டிருப்பதைவிட இது பயன் தரும்.

எவ்வளவு பொருளுடன் இறங்குவது? இங்கே நிகழ்தகவுக் கணக்கு உதவும். ஐந்து முறை போனால் ஒருமுறைதான் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் விளையாட்டுப் பணத்தில் 1,00,000 ரூபிள் மதிப்புள்ள கவசமும் ஆயுதமும் கொண்டுபோனால், நான்கு தோல்விகளில் 4,00,000 ரூபிள் போயிற்று. திரும்பும் அந்த ஒரு முறையில் அவ்வளவும் பையில் வந்தால்தான் கணக்கு சமப்படும். 20,000 ரூபிள் சாமான்களுடன் போனால் 80,000 கொண்டுவந்தால் போதும். விலையுயர்ந்த கவசம், திரும்பும் வாய்ப்பைப் பெரிதும் உயர்த்தினால் அன்றி நட்டமே. வழி தெரியாதவருக்கு அது உயர்த்துவதில்லை. ஆனால் பலர் நேர்மாறாக, நல்ல பொருளைக் கிடங்கில் பூட்டிவைத்து எடுக்கவே அஞ்சுகிறார்கள். சமமான ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வலி பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்னும் உளவியலார் 1979-இல் எழுதினார்கள். அதற்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் அமையாது.

இனிப் பொய்யான பாதி. அதுதான் உடல். இவ்விளையாட்டில் மனித உடல் ஏழு பகுதிகள் கொண்ட ஒரு பேரேடு. தலைக்கு 35 புள்ளி, மார்புக்கு 85, வயிற்றுக்கு 70, கைக்கு 60, காலுக்கு 65, ஆக மொத்தம் 440. தலையோ மார்போ சுழியானால் மரணம். காலின் கணக்கு சுழியான பிறகும் அதே காலில் சுட்டால், அந்தச் சேதம் மற்றப் பகுதிகளுக்குப் பங்கிடப்படுகிறது. இதனால் மார்பில் கனத்த தகடு அணிந்தவனை முழங்காலில் சுட்டுச் சுட்டே வீழ்த்துகிறார்கள்! தொடையில் பட்ட குண்டு மனிதனைக் கொல்லக்கூடும் என்பது உண்மையே. ஆனால் தமனி அறுந்து, குருதி வடிந்து கொல்லும். வங்கிக் கணக்கு மாற்றம்போல் காலின் காயம் இதயத்துக்குப் போவதில்லை. பெருங்குருதிப்போக்கு, அதைத் தடுக்கும் இறுக்குக்கட்டு இரண்டையும் விளையாட்டில் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது. அதே விளையாட்டில் முறிந்த எலும்பு, அலுமினியத் தகடு ஒன்றை வைத்துக் கட்டிய சில வினாடிகளில் கூடிவிடுகிறது. இதைப் பார்த்து முதலுதவி கற்றுக்கொண்டோம் என்று எந்த இளைஞரும் நினைத்துவிடக் கூடாது.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலடியோசை இங்கே கண்ணைவிட முக்கியம். உடைந்த கண்ணாடியிலும் இரும்புத் தகட்டிலும் ஓடுபவன் தன் இருப்பைப் பறைசாற்றுகிறான். இடமா வலமா என்பதை, ஒலி நம் இரு காதுகளுக்கும் வந்துசேரும் நேர வேறுபாட்டிலிருந்து மூளை அறிகிறது. அதிக அளவாக 0.6 அல்லது 0.7 மில்லி வினாடிதான் அந்த வேறுபாடு. மேலா கீழா என்பதற்கு இந்த வேறுபாடு உதவாது. காதுமடலின் மடிப்புகளில் ஒலி பட்டு மாறும் விதத்திலிருந்தே அது தெரிகிறது. செவிப்பொறியில் வரும் ஒலியில், உங்கள் காதுமடலுக்குப் பொருந்த அதைச் செயற்கையாகக் கலப்பது கடினம். ஆகவே விடுதிக் கட்டடத்தில் கேட்கும் காலடி எந்த மாடியில் என்று தெரியாமல் இறப்பவர், தம் காதை நொந்துகொள்ள வேண்டாம். அசையாமல் நின்று, ஓசை வளர்கிறதா தேய்கிறதா என்று கேட்பதே வழி.

எனக்குப் பெரிய மனக்குறையாக இருப்பது இவை எதுவுமன்று. தொடக்கநிலைக் கடுமை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. சாதாரணப் பதிப்பை வாங்கியவரின் பாதுகாப்புப் பெட்டி, தொடக்கத்தில் நான்கு கட்டங்கள் கொண்டது. அதிக விலைக்கு விற்ற ‘எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்’ பதிப்பினருக்கு ஒன்பது கட்டங்கள், கூடவே பெரிய கிடங்கு. இறந்தாலும் போகாத பொருள் அவருக்கு இருமடங்குக்கு மேல். 2024 ஏப்ரலில் 250 டாலர் விலையில் இன்னொரு பதிப்பு வந்தது. பிற ஆட்டக்காரர்களின் தொல்லையின்றி, கணிப்பொறி எதிரிகளுடன் மட்டும் ஆடும் முறையை நிறுவனம் அதற்கென ஒதுக்கியது. எதிர்காலச் சேர்க்கைகள் அனைத்தும் உண்டு என்ற உறுதியை நம்பி முன்பு பணம் கட்டியவர்கள் கொதித்தெழுந்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அவர்களுக்கும் அந்த முறையைத் திறந்துவிட்டது. புதியவர் ஒருவர் களத்தின் வழிகளை நிதானமாகப் பயில மிகவும் பொருத்தமான முறை அதுதான். அதை முதலில் விலை ஏணியின் உச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள்.