படைவீரர் ஆல்பங்களின் சாட்சியம்

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ஆம் ஆண்டில் ஜெர்மானியரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் கேமரா இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். அக்பா நிறுவனம் 1932-இல் நான்கே மார்க் விலைக்கு விற்ற பெட்டிக் கேமரா சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியிருந்ததால், வேர்மாஹ்ட் எனப்பட்ட ஜெர்மனியின் வழக்கமான முப்படையில் சேர்ந்த இளைஞர்களில் பலர் துப்பாக்கியோடு கேமராவையும் சுமந்து சென்றனர். படைப்பணி நினைவுகள் என்ற தலைப்பும் இரும்புத் தொப்பிச் சின்னமும் அட்டையில் பொறித்த ஆல்பங்கள் அவர்களுக்கென்றே கடைகளில் விற்கப்பட்டன. போருக்குப் பின் முன்னாள் வீரர்களின் வீட்டு அலமாரிகளில் பல பத்தாண்டுகள் கிடந்த இந்த ஆல்பங்கள் வரலாற்றுக்கு எந்த அளவுக்குச் சாட்சி சொல்லும் என்பது இன்றும் முழுமையாகத் தீராத வினா. தனித்தனிப் படங்களாக எடுத்தால் இவை எளிதில் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்பதும், வரிசையும் எழுத்தும் வெற்றிடமும் குலையாத முழு ஆல்பமாக வைத்துப் படித்தால் வைத்திருந்தவர் சொல்ல விரும்பாததையும் இவை சொல்லிவிடும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பெரும்பாலான ஆல்பங்கள் ஏறக்குறைய ஒரே நடையில் அமைந்தவை. பயிற்சி முகாமும் உறுதிமொழி நாளும் முதலில் வரும். பின்னர் பாரிசின் ஈபெல் கோபுரத்தின் முன் நிற்கும் நண்பர்கள், கிழக்கே சேற்றில் புதைந்த வண்டிகள், எரிந்த கிராமங்கள், கைதிகளின் நீண்ட வரிசை, இறுதியில் தோழர்களின் கல்லறைச் சிலுவைகள். அரசின் பிரச்சாரப் படப்பிடிப்பாளர்கள் எடுத்துத் தணிக்கைக்குப் பின் வெளியான செய்திப்படங்களோடு ஒப்பிடும்போதே இவற்றின் தனி மதிப்பு தெரிய வருகிறது. திரையில் டாங்கிகளே விரைந்தன. ஆல்பங்களிலோ குதிரைகள் மலிந்துள்ளன. 1941-இல் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தபோது ஜெர்மானியர் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொண்டு சென்றனர் என்ற உண்மையை, இயந்திரப் படை என்ற பிம்பத்தை வளர்த்த அதிகாரபூர்வப் படங்கள் பின்னுக்குத் தள்ளின. வீரன் தன் அன்றாட வேலையைப் படமெடுத்தபோது அது தானாகவே பதிவாயிற்று.

அதைவிடக் கனமான சான்றுகளும் உண்டு. 1940 ஜூனில் பிரான்சின் லியோன் நகருக்கு அருகே ஷாசெலே என்னும் ஊரில், பிரெஞ்சுப் படையில் போரிட்டுச் சரணடைந்த ஆப்பிரிக்க வீரர்கள் ஏறக்குறைய 50 பேர் வெள்ளையரிடமிருந்து பிரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு ஜெர்மன் வீரரின் தனிப்பட்ட ஆல்பத்தில் இருந்த அந்தக் கொலையின் படங்கள் 2020-இல் வெளியானபோது, திறந்த வயலில் அம்மனிதர்களுக்கு எதிரே டாங்கிகள் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. எண்பது ஆண்டுகளாக எழுத்துச் சான்றுகளால் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு கொடுமைக்கு, அதை நினைவுப் பொருளாகப் பேணியவரின் ஆல்பமே கண்சாட்சி ஆயிற்று. மரண தண்டனைகளைப் படமெடுக்கக் கூடாது என்ற ஆணைகள் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டும் பழக்கம் நிற்கவில்லை. வேர்மாஹ்ட்டிலிருந்து வேறுபட்ட, நாஜிக் கட்சியின் ஆயுதம் தாங்கிய எஸ்.எஸ். அமைப்பின் அதிகாரி மாக்ஸ் டாய்ப்னர் மீது 1943-இல் நடந்த வழக்கு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு: யூதர்களைக் கொன்றதற்காக அல்ல, கொன்ற முறைக்காகவும் அக்கொலைகளைப் படமெடுத்து மனைவிக்கும் நண்பர்களுக்கும் காட்டியதற்காகவும் அவருடைய அமைப்பின் நீதிமன்றமே அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. படம் சான்றாகும் என்பதை எல்லாருக்கும் முன்பே அறிந்திருந்தவர்கள் கொலைக்கு ஆணையிட்டவர்கள்தாம்.

ஆயினும் இந்த ஆல்பங்களின் குறைகள் சிறியவை அல்ல. முதற்குறை, ஆல்பத்தின் உரிமையாளரே படம் எடுத்தவர் என்று கொள்ள இயலாமை. ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் படிகளைக் கழுவித் தங்களுக்குள் மாற்றிக்கொண்டதால், ஒருவர் நேரில் காணாத இடத்தின் படமும் அவருடைய நினைவாக ஒட்டப்பட்டிருக்கக் கூடும். அடுத்த குறை படக்குறிப்புகளின் மௌனம். முள்வேலிக்குள் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் படத்தின் கீழ் ஊரின் பெயரும் கைதிகள் என்ற ஒரு சொல்லும் மட்டுமே இருக்கும். ஜெர்மானியரிடம் சிக்கிய ஏறத்தாழ 57 லட்சம் சோவியத் கைதிகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியாலும் குளிராலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர் என்பதை அந்தச் சொல்லிலிருந்து எவரும் அறிய முடியாது. படத்தில் இருப்பவர்களுக்குப் பெயரில்லை. படமெடுக்க அவர்களின் இசைவை எவரும் கேட்கவில்லை. வீரனின் நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் பெயரெழுதிய அதே கை, எதிரே நின்ற விவசாயப் பெண்ணையும் யூத முதியவரையும் ஓர் இனத்தின் மாதிரிகளாக மட்டும் குறித்து வைத்தது. இதனை ஒரு நினைவுத் தொகுப்பின் இயல்பான குறுகலாகக் கருதி மன்னிப்பது தவறு. அந்தப் போரை இயக்கிய இனவெறிப் பார்வையே அங்கே பதிவாகியுள்ளது.

இத்தகைய படங்களைச் சூழலிலிருந்து பிரித்தால் என்ன நேரும் என்பதற்கு, ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் 1995 மார்ச்சில் தொடங்கிய கண்காட்சியே பெரும் பாடம். யான் பிலிப் ரீம்ட்ஸ்மா நிறுவிய அந்நிறுவனம், ஹான்னஸ் ஹேர் தலைமையில், வேர்மாஹ்ட் கிழக்கில் நடத்திய அழித்தொழிப்புப் போரைச் சுமார் 1,400 படங்களோடு மக்கள் முன் வைத்தது. வீரர்களே எடுத்த படங்கள் அவற்றில் ஏராளம். குற்றமெல்லாம் எஸ்.எஸ்.ஸினுடையது, படை தூய்மையானது என்று ஒரு தலைமுறை கொண்டிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1997-இல் மூனிக்கில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன, நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது, 1999-இல் சார்புருக்கனில் குண்டே வெடித்தது. அதே ஆண்டில் பொக்தான் முசியால், கிறிஸ்தியான் உங்வாரி என்னும் இரு வரலாற்றாசிரியர்கள், சில படங்களில் கிடக்கும் உடல்கள் 1941 கோடையில் பின்வாங்கும் முன் சோவியத் ரகசியக் காவல்துறை கொன்ற சிறைக்கைதிகளுடையவை என்று காட்டினர். கண்காட்சி நிறுத்தப்பட்டது. 2000 நவம்பரில் அறிக்கை அளித்த அறிஞர் குழு, 1,433 படங்களில் 20-க்கும் குறைவானவையே அங்கு இடம்பெறத் தகாதவை என்றும், அடிப்படைக் கருத்து சரியே என்றும், படங்களைக் கையாண்ட விதத்தில் கவனக்குறைவு இருந்தது என்றும் தீர்ப்பளித்தது. எண்ணிக்கையில் சிறிய அந்தப் பிழை, படையின் குற்றங்களை மறுப்பவர்களுக்குப் பெரும் ஆயுதமாயிற்று. 2001-இல் புதிதாகத் திறந்த இரண்டாம் கண்காட்சி படங்களைக் குறைத்து எழுத்து ஆவணங்களை முன்னிறுத்தியது. அந்த எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் படங்களைச் சுருக்குவது மட்டும் தீர்வாகாது. யார் எடுத்தது, யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது, பின்புறம் என்ன எழுதியுள்ளது என்னும் உடைமை வரலாற்றோடு சேர்த்துக் காட்டுவதே உண்மையான தீர்வு.

அந்த வரலாற்றைத் தரக்கூடியது குலையாத ஆல்பம்தான். படம் கிழித்தெடுக்கப்பட்டு, பசைத் தடமும் கீழே குறிப்பும் மட்டும் எஞ்சிய பக்கம், எதையோ மறைக்க நேர்ந்ததற்கான தடயம். அதை மறைத்தது வீரரா, மனைவியா, பேரனா என்ற கேள்வியும் ஆய்வுக்குரியது. விற்பனையாளரோ இந்த ஆல்பங்களை உடைத்துப் படங்களை ஒவ்வொன்றாக ஏலத்துக்கு விடுகிறார். டாங்கியும் பிணமும் உள்ள படம் ஓரிடம் போக, அடுத்த பக்கத்தில் இருந்த பிறந்தநாள் விருந்து குப்பைக்குப் போகிறது. இரண்டும் ஒரே மனிதனின் ஒரே வாரம் என்ற செய்தி அத்துடன் அழிகிறது. ஆதலால் தாத்தாவின் ஆல்பம் வீட்டில் இருக்கும் குடும்பங்கள், அவமானம் தரும் பக்கத்தைக் கிழிக்காமலும் தனிப்படமாக விற்காமலும், இருந்தது இருந்தபடியே ஓர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். காப்பகங்களும் அதன் ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, பதிவு செய்ய வேண்டும்.