மூக்கால் குடிப்பது

சோடாவை மூடி வையுங்கள். ஐஸும் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். மிக்ஸர், சில்லி சிக்கன், மாங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் அடுத்த அரை மணி நேரத்துக்குப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடலாம். எனக்கு அவற்றோடு எந்தத் தகராறும் இல்லை. ஸ்காட்ச்சில் சோடா ஊற்றினால் பாவம் என்று பதறுகிற கூட்டத்தைச் சேர்ந்தவனும் இல்லை. ஆனால் இன்றைக்கு நாம் குடிக்க உட்காரவில்லை, ருசி பார்க்க உட்கார்ந்திருக்கிறோம். குளிர்ந்த திரவத்திலிருந்து வாசனை சரியாக எழும்பாது. சோடாவின் சுறுசுறுப்பில் நாக்குக்கு வேறெதுவும் காதில் விழாது.

அளவு பதினைந்து மில்லி போதும், அதாவது ஒரு ஸ்மாலில் பாதி. ஒரு மாலைக்கு மூன்று வகை. நாலாவதில் மூக்கு மரத்துவிடும், ஐந்தாவதில் எல்லாமே பிரமாதமாகத் தெரியும். அதற்கப்புறம் எழுதும் குறிப்பை மறுநாள் படித்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். கிளாஸ், மொட்டு மாதிரி அடி பருத்து வாய் குறுகியதாக இருக்க வேண்டும். கிளென்கெய்ர்ன் என்ற பெயரில் 2001 முதல் விற்பது இதற்கென்றே செய்தது. கிடைக்காவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். பார்களில் வைக்கும் அகன்ற வாய் டம்ளர் ஐஸ் கட்டிக்கு வசதியானது. அதில் ஊற்றினால் வாசனை மேஜைக்குத்தான் போகும், மூக்குக்கு வராது.

மூக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. நாக்குக்குத் தெரிந்த சுவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மீதி எல்லாம் மூக்கின் வேலை. ஜலதோஷம் பிடித்த அன்று பிரியாணி சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் விஸ்கி நிறுவனங்களில் பிளெண்டர் என்று ஒரு வேலை இருக்கிறது. எந்தப் பீப்பாயை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்பவர் அவர். நாள் முழுக்க விஸ்கியோடுதான் இருப்பார், ஆனால் அநேகமாகக் குடிக்கமாட்டார். மாதிரியில் தண்ணீர் சேர்த்து ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு இறக்கி, முகர்ந்து, எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார். குடிக்காமலே விஸ்கியைக் கரைத்துக் குடித்தவர்!

ஊற்றியதும் பலர் முதலில் செய்வது, வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்ப்பது. பாருங்கள், நம்பாதீர்கள். ஸ்காட்ச்சில் தண்ணீரையும் வெறும் காரமெல் நிறத்தையும் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது என்பது சட்டம். அந்தக் காரமெல்லுக்கு அனுமதி இருப்பதால், பாட்டிலுக்குப் பாட்டில் ஒரே நிறம் வரவும் பழைய சரக்கு போலத் தோன்றவும் அது தாராளமாகப் பயன்படுகிறது. ஜெர்மனியில் விற்கும் பாட்டில்களில் நிறம் சேர்த்ததை லேபிளில் சொல்லியாக வேண்டும். வேறு பல நாடுகளில் அந்தக் கட்டாயம் இல்லை. கருத்துச் சிவந்த விஸ்கி என்றாலே உசத்தி என்ற எண்ணம், சாயம் போட்ட டீத்தூளை நல்ல டீ என்று வாங்குவதுபோல.

அடுத்து முகர்வது. ஒயினைச் சுழற்றுவதுபோலச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டால் ஆல்கஹால் நேராக மண்டைக்கு ஏறும், கண்ணில் நீர் வரும். ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பிறகு கிளாஸை மோவாய் உயரத்தில் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். வாய் லேசாகத் திறந்திருக்கட்டும், காட்டம் குறையும். இரண்டு நாசியும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, மாற்றி மாற்றி முகருங்கள். ஒரு தடவை முகர்ந்ததும் கிளாஸைக் கீழே வைத்து உங்கள் சட்டைக் கையை முகர்ந்துகொள்ளுங்கள். நமக்குப் பழகிய அந்த வாசனையில் மூக்கு இளைப்பாறும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

என்ன தேடுவது? மூன்று இடத்திலிருந்து வாசனை வரும். மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லி, அதைப் புளிக்கவைத்து வாலையில் வடிப்பது, பீப்பாய். இவற்றில் அதிகம் பேசுவது பீப்பாய்தான். ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் ஸ்காட்லாந்திலேயே கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். அந்தப் பீப்பாய் பெரும்பாலும் புதிதல்ல. அமெரிக்காவில் பர்பன் விஸ்கியை உள்ளே தீயில் கருக்கிய புதுப் பீப்பாயில்தான் வளர்க்க வேண்டும் என்று சட்டம். ஒரு தடவைக்கு மேல் அவர்களுக்கு அது உதவாது, அதனால் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வருகிறது. அமெரிக்க ஓக்கின் கைவரிசை வெனிலாவும் தேங்காயும். உங்கள் கிளாஸில் துருவிய தேங்காய் வாசம் வந்தால் பிரமை என்று நினைக்காதீர்கள். ஓக் மரத்திலேயே இருக்கும் லாக்டோன் என்ற பொருள் அது. ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாய் என்றால் கதையே வேறு: பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை, சுக்கு, கருப்பட்டிப் பாகு. கிளென்ஃபார்க்ளஸ் குடித்தவர்களுக்கு இது புரியும். ஆண்டுக்கு சுமார் இரண்டு சதவீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும்; அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். பெங்களூர் வெயிலில் தேவதைகளுக்குத் தாகம் பல மடங்கு அதிகம். அதனால்தான் அங்கே தயாராகும் மால்ட் விஸ்கி நாலைந்து வருஷத்திலேயே பெரிய மனுஷத் தோரணைக்கு வந்துவிடுகிறது.

வாலைக்கும் குணம் உண்டு. கிளென்மொரஞ்சி ஆலையின் செம்பு வாலைகளுக்குக் கழுத்து மட்டும் ஐந்து மீட்டருக்கு மேல். ஒட்டகச்சிவிங்கி உயரம் என்று அவர்களே பெருமை பேசுவார்கள். அந்த உயரத்தைத் தாண்ட முடியாத கனமான ஆவி திரும்பக் கீழே விழுந்துவிடும். லேசானது மட்டும் கடந்து போகும். அதனால் அந்த விஸ்கியில் பூவும் ஆரஞ்சுத் தோலும்தான். மெக்கலனின் வாலைகள் குட்டை, விஸ்கி எண்ணெய்ப்பசையோடு கனமாக இருக்கும்.

பீட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சதுப்பில் பாசியும் செடிகொடியும் ஆயிரக்கணக்கான வருஷம் மக்கி இறுகியது பீட். செங்கல் செங்கல்லாக வெட்டிக் காயவைத்தால் வறட்டி மாதிரி எரியும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் மரம் குறைவு, பீட் நிறைய. முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் காயவைத்தார்கள், புகை பார்லியில் ஒட்டிக்கொண்டது. அது வாலையைத் தாண்டி, பீப்பாயைத் தாண்டி, நம் கிளாஸ் வரை வந்துவிடும். தீவின் தென்கரையில் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ஆலைகள் லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக். உலகப் புகைப்பிரியர்களுக்கு அது அறுபடை வீட்டில் பாதி. லேபிளிலும் விளம்பரத்திலும் போடும் பிபிஎம் எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அது பார்லியில் இருந்த, புகை வாசனை தரும் பீனாலின் அளவு, பாட்டிலில் இருப்பதல்ல. வடிப்பதில் நிறையப் போய்விடும்.

இப்போது ஒரு வாய். மடக்கென்று விழுங்காமல் நாக்கின் மேல் உருட்டுங்கள். முதல் வாயைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வாய்க்குச் சொல்லும் வணக்கம். இரண்டாவது வாயில் இனிப்பு முன்னால் வரும், காரம் பின்னால். தாலிஸ்கர் என்றால் தொண்டைக்குப் போகும் வழியில் மிளகு ரசம் மாதிரி ஒன்று சுருக்கென்று தட்டும். விழுங்கிய பிறகு வாயில் நிற்பதை ஃபினிஷ் என்கிறார்கள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் பின்னால் ஒரு இனிப்பு வருமே, அதைக் காத்திருந்து பார்த்த பழக்கம் நமக்கு உண்டு. அதே பொறுமைதான் இதற்கும். சில விஸ்கி பத்து விநாடியில் எழுந்து போய்விடும். சில, விருந்தாளி செருப்பு மாட்டிக்கொண்டே வாசலில் நின்று பேசுவதுபோல நின்றுகொண்டே இருக்கும்.

பிறகு தண்ணீர். ராவாகக் குடிப்பதுதான் வீரம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். ஒரு ஸ்பூனால் நாலைந்து சொட்டு விட்டு மறுபடி முகருங்கள். 2017-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர்கள் இருவர் கணினியில் இதைச் செய்து பார்த்தார்கள். புகை வாசனைக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் அதிகம் இருக்கும்போது திரவத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. தண்ணீர் சேர்த்தால் மேற்பரப்புக்கு ஏறிவருகிறது. பீப்பாயிலிருந்து அப்படியே நிரப்பிய 55, 60 சதவீத விஸ்கிகளில் இந்த மாற்றம் சினிமாவில் இடைவேளைக்குப் பிறகு வரும் திருப்பம் மாதிரி இருக்கும். 40 சதவீதத்தில் ஏற்கெனவே தண்ணீர் சேர்த்துத்தான் அடைத்திருக்கிறார்கள். அதில் கை தாராளம் காட்டினால் சப்பென்று போய்விடும்.

இனிப் பெயர் வைக்க வேண்டும். இங்கேதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். மேல்நாட்டுப் புத்தகங்களில் ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், மார்சிபன் என்று இருக்கும். ஹெதர் பூவை நான் முகர்ந்ததே இல்லை. ஆரம்பத்தில் இரண்டு வருஷம், முகராத பூவை முகர்ந்ததாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வாசனை என்பது நினைவு. அவர்கள் அவர்களுடைய பாட்டி வீட்டு அடுக்களையிலிருந்து எடுக்கிறார்கள், நாம் நம்முடையதிலிருந்து எடுக்க வேண்டியதுதான். இப்போது என் நோட்டில் சாம்பிராணி, பனங்கற்கண்டு, புது நெல் மூட்டை, நாட்டு மருந்துக்கடை, மழை நனைத்த சாக்கு, ஊதி அணைத்த மெழுகுவத்தி எல்லாம் இருக்கின்றன. மெழுகுவத்தி கிளைனலிஷுக்கு எழுதியது. மெழுகுத்தன்மைக்குப் பெயர்போன ஆலை அது என்று பிறகு படித்தபோது எனக்கே என் மூக்கின் மேல் மரியாதை வந்தது.

கடைசியில் மார்க். மைக்கேல் ஜாக்சன் என்ற எழுத்தாளர் (பாடகர் அல்ல, யார்க்‌ஷயர்க்காரர், 2007-இல் காலமானார்) 1989-இல் வெளியிட்ட மால்ட் விஸ்கிக் கையேட்டில் நூற்றுக்கு இத்தனை என்று போட, அந்தப் பழக்கம் பரவியது. இன்னொரு விஸ்கி எழுத்தாளர் ஜிம் மர்ரே மூக்கு, வாய், ஃபினிஷ், சமநிலை நான்குக்கும் தலா 25 வைப்பார். அவருடைய விஸ்கிக் கையேட்டின் 2010 பதிப்பில் பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷன் 97 வாங்கி உலகில் மூன்றாவது என்று வந்தபோதுதான் நம் ஊரில் பலர் சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையின் மால்ட் விஸ்கி) என்ற பெயரையே கவனித்தார்கள். ஆனால் இந்த நூறு, பிளஸ் டூ செய்முறைத் தேர்வு மார்க் மாதிரி. எழுபதுக்குக் கீழே யாரும் அநேகமாக இறங்கமாட்டார்கள். 75 என்றால் ஃபெயில் என்று படிக்கப் பழக வேண்டும். அடுத்தவர் மார்க்கால் ஒரே ஒரு உபயோகம் உண்டு: உங்களுக்குப் பிடித்ததெல்லாம் யாருக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து அவர் பின்னால் போகலாம்.

சொந்த மார்க் போடுவதானால் பெயர் தெரியாமல் போடுங்கள். எடின்பரோவில் 1983-இல் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி, தன் பாட்டில்களில் ஆலையின் பெயருக்குப் பதில் எண்களைத்தான் அச்சிடுகிறது. பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்று தெரிந்தவர்கள். எனக்கு அது தெரிந்தது ஒரு தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. நண்பர் மூன்று கிளாஸில் ஊற்றி, அடியில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார். இருபது நிமிடம் முகர்ந்து, உருட்டி, தண்ணீர் விட்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு எழுதினேன். இரண்டாம் எண்ணுக்கு 85, மூன்றாம் எண்ணுக்கு 78, பக்கத்தில் ‘மரக்கசப்பு, களைப்பு’ என்று குறிப்பு வேறு. கிளாஸைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு, எல்லாக் கடையிலும் கிடைக்கும் பன்னிரண்டு வருஷ பிளெண்டட். மூன்று, நான் ஒரு மாத வாடகை கொடுத்து வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த வயதான மால்ட். பெயர் தெரிந்து குடித்த மூன்று தடவையும் அதற்கு 91 போட்டிருந்தேன்.

லேபிளில் இருக்கும் வயது, உள்ளே கலந்தவற்றில் மிக இளையதன் வயது; அது மார்க் அல்ல. ஓக்கில் அதிக நாள் கிடந்தால் மரமே பேசும், விஸ்கி வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் பாட்டிலுக்குள் எத்தனை வருஷம் வைத்தாலும் ஒரு நாள்கூட வயது கூடாது. திறந்த பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கினால் காற்றுப் பட்டுக் குணம் மாறத் தொடங்கும், ஆகவே மார்க்கைப் பென்சிலில் எழுதுங்கள். ஒரே விஸ்கியை மூன்று வேறு நாட்களில் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். பாட்டில் விலை கட்டுப்படியாகாவிட்டால் நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சின்ன மருந்து பாட்டில்களில் பிரித்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

இன்னொன்று. குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவிவிடாதீர்கள். ஆல்கஹால் போய் அடியில் காய்ந்திருப்பதைக் காலையில் முகர்ந்தால், ராத்திரி மறைந்திருந்ததெல்லாம் தெளிவாக நிற்கும்: பார்லி, மரம், சாம்பல். ஒருமுறை லஃப்ரோய்க் ஊற்றிய கிளாஸை அப்படி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இந்த ஜென்மத்தில் ஒரு சொட்டுத் தொடாத என் அம்மா அதைக் கழுவ எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

“யாருக்குடா அடிபட்டுது? டிங்சர் வாசம் வருது?”

வாயில் நுரையோடு ஓடிப்போய் நோட்டை எடுத்து எழுதிவைத்தேன்.