பதிவுகள் சரி, ஆண்டுகள் எங்கே?

தரவுத்தளத்தை மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுவது பற்றி எழுதப்பட்ட வழிகாட்டிகளில் நிறைய படித்துவிட்டேன். பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முடிகின்றன. பழைய பக்கம் இத்தனை பதிவுகள், புதிய பக்கமும் இத்தனை பதிவுகள், எண்ணிக்கை ஒத்துப்போகிறது, வேலை முடிஞ்சுது. இந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை.

அலுவலக வேலையில் இந்த அளவுகோல் ஓரளவு தாங்கும். விற்பனைப் பதிவில் தேதி தொலைந்தால் யாராவது மறுநாளே போன் போட்டுத் திட்டுவார்கள். ஆராய்ச்சிக்காகச் சேர்த்துவைத்த தரவுக்கு அப்படிக் கேட்க ஆள் கிடையாது. ஐந்து வருஷம் கழித்து ஒரு கட்டுரைக்காகத் தேடும்போதுதான் தெரியும், அதற்குள் பழைய சர்வரும் போயிருக்கும்.

என்னிடம் இருப்பது பழைய தமிழ் நூல்களின் பட்டியல். தமிழ் மின்னூலகத்திலும் வேறு சேகரங்களிலும் உள்ள மின்படிகளின் முகப்புப் பக்கங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. அதில் மிக முக்கியமான புலம் வெளிவந்த தேதி. எது முதற்பதிப்பு, எது மறுபதிப்பு, யார் யாருக்கு முன்னால் எழுதினார் என்பதெல்லாம் அந்த ஒரு புலத்தில்தான் நிற்கிறது. ஆனால் பழைய நூல்களில் பாதிக்கு மேல் நாளும் மாதமும் இருக்காது. 1925 என்று ஆண்டு மட்டும் இருக்கும். அதை மைஎஸ்க்யூஎல்லில் 1925-00-00 என்று வைத்திருந்தேன்.

இது ஏதோ குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். மைஎஸ்க்யூஎல் கையேடே இதை ஒரு வசதியாகத்தான் சொல்கிறது. பிறந்த தேதி முழுக்கத் தெரியாதவர்களின் விவரத்தைச் சேமிக்க, மாதத்தையும் நாளையும் சுழியாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பின்னால் வந்த 5.7 வரிசையில் கண்டிப்பு முறையை இயல்புநிலையாக ஆக்கி, இப்படிப்பட்ட தேதிகளைப் புதிதாக ஏற்றுவதை மறித்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். அதனால்தான் பத்துப் பதினைந்து வருஷப் பழைய தரவுத்தளங்களில் இவை கொத்துக் கொத்தாக அகப்படுகின்றன.

போஸ்ட்கிரெஸில் இந்த ஏற்பாடு கிடையாது. சுழி மாதம் என்று ஒன்று நாட்காட்டியில் இல்லை, ஆகவே அது தேதியும் இல்லை. நியாயம்தான். இரண்டுக்கும் நடுவே பாலமாக எல்லோரும் கைகாட்டும் கருவி பிஜிலோடர். நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். சுழித் தேதி வந்தால் அதை ‘நல்’ என்கிற வெற்று மதிப்பாக மாற்றிவிடும், அதுதான் அதன் இயல்புநிலை. ஒரு நகலை வைத்துச் சோதனை ஓட்டம் விட்டுப் பார்த்தேன். 0000-00-00 வெற்றானது, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1925-00-00 என்பதும் வெற்றாகிவிட்டது. 1925 போயே போச்சு! பதிவுகளின் எண்ணிக்கையோ இம்மி பிசகாமல் ஒத்துப்போனது. கருவியின் சுருக்க அறிக்கையில் பிழை என்ற கட்டத்தில் சுழி.

ஒன்றும் தெரியாது என்பதும், ஆண்டு தெரியும் மாதம் தெரியாது என்பதும் வேறு வேறு செய்திகள். ஒரே வெற்று மதிப்பு இத்தனை வகை இல்லாமைக்கும் ஈடுகொடுக்காது என்று உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு அடித்தளம் போட்ட எட்கர் காடே பின்னாளில் உணர்ந்து, இருக்கிறது ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஒன்று, இங்கே பொருந்தவே பொருந்தாது என்பதற்கு ஒன்று என இரண்டு குறிகள் வேண்டும் என்றார். பெரிய தரவுத்தளங்கள் எதுவும் அதைச் செய்யவில்லை. செய்திருந்தாலும் என் சிக்கல் தீர்ந்திருக்காது. எனக்கு வேண்டியது பாதி தெரிந்ததற்கு ஓர் இடம்.

சரி, அப்படியென்றால் மைஎஸ்க்யூஎல்லிலேயே இருந்துவிடலாமா? அங்கேதான் வேடிக்கை. 1925-00-00 அங்கே பத்திரமாக இருந்தது போலத் தெரியும், ஆனால் கேள்வி கேட்டால் பொய் சொல்லும். 1925 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை வந்த நூல்களைக் கொடு என்று கேளுங்கள். ஆண்டு மட்டும் உள்ள ஒரு நூலும் வராது, ஏனென்றால் சுழி மாதம் ஜனவரிக்கு முந்தியது. காலவரிசையில் அடுக்கச் சொன்னால் அவையெல்லாம் 1925-இன் தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாள் தெரியாத நூல், அந்த ஆண்டின் முதல் நூலாக வேஷம் கட்டும். எது முந்தியது என்று பார்ப்பதற்கென்றே ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, தெரியாததையெல்லாம் முந்தியதாகக் காட்டினால் அதை என்னவென்று சொல்வது?

ஆகவே "மைஎஸ்க்யூஎல் நெகிழ்வானது, போஸ்ட்கிரெஸ் கறாரானது" என்று வழிகாட்டிகள் ஓதும் மந்திரம் எனக்குப் போதவில்லை. ஒன்று தப்பான விடை கொடுத்தது. இன்னொன்றுக்குப் போகும் வழியில் விடையே அழிந்தது.

போஸ்ட்கிரெஸில் இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது, வழிகாட்டிகள்தான் அதைத் தொடுவதே இல்லை. 2012-இல் வந்த 9.2 பதிப்பிலிருந்து தேதி வீச்சு என்று ஒரு தரவு வகை உண்டு. ஒரு நாளுக்குப் பதிலாகத் தொடக்கம், முடிவு என இரண்டு எல்லைகளை ஒரே மதிப்பாக வைக்கலாம். ஆண்டு மட்டும் தெரிந்த நூலுக்கு 1925 ஜனவரி 1 முதல் 1926 ஜனவரி 1-க்கு முந்தைய நாள் வரை. நாள் துல்லியமாகத் தெரிந்தால் ஒரே நாள் வீச்சு. இப்போது கேள்வியையும் இரண்டாகப் பிரித்துக் கேட்கலாம். இந்த வீச்சு முழுக்க அந்த வீச்சுக்கு முன்னால் முடிகிறதா என்பது ஒன்று, இரண்டும் எங்காவது ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி செயற்குறிகள் இருக்கின்றன. நிச்சயம் முந்தியது, முந்தியதாக இருக்கலாம் என்ற வேறுபாடு தரவுத்தளத்துக்கே புரிந்துவிடுகிறது.

தமிழ் நூல்களுக்கு இது இன்னும் பொருந்தும். முகப்பில் ‘பிரபவ ஆண்டு தை மாதம்’ என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். பிரபவ 1927 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1928 ஏப்ரல் நடுவில் முடிகிறது. அதன் தை மாதம் 1928 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. பிரபவ என்றதும் 1927 என்று போட்டுவிடும் பட்டியல்கள் உண்டு. தை, மாசி, பங்குனி மூன்றிலும் அந்த ஆண்டுக்கணக்கு தப்பு. மாதம் இல்லாமல் பிரபவ என்று மட்டும் இருந்தால் 1927, 1928 இரண்டில் எதைப் போட்டாலும் ஊகம்தான். வீச்சாக எழுதினால் ஊகமே தேவையில்லை, முகப்பு சொன்னது அப்படியே உள்ளே போகிறது.

எழுத்துகள் விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் தாங்காது. வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு மூன்றே போதும் என்பதால் நம்மில் பலருக்கு இது உறைத்ததே இல்லை. 2019-இல் யூனிகோட் 12 தமிழ்ப் பிற்சேர்க்கை என்று 51 குறிகளைச் சேர்த்தது. முந்திரி, காணி போன்ற பின்னங்களின் குறிகள் அதில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு நான்கு பைட் வேண்டும். கண்டிப்பு முறை இல்லாத சர்வரில், பழைய கணக்குச் சுவடி ஒன்றைத் தட்டச்சு செய்து ஏற்றினால், முதல் பின்னக் குறி வரும் இடத்தோடு வரி அறுந்துவிடும். அறுந்த வரியைப் போஸ்ட்கிரெஸுக்கு மிகச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். மாற்றும் கருவிக்கு அது அறுந்தது என்று தெரிய வாய்ப்பே இல்லை.

போஸ்ட்கிரெஸும் ஒன்றும் புனிதர் இல்லை. அகரவரிசையை அது வழக்கமாக இயங்குதளத்தின் நூலகத்திடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. லினக்ஸின் கிலிப்சி 2.28 பதிப்பில், 2018-இல், அந்த வரிசை விதிகள் பெரிதாக மாறின. உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்கு ஏற்றியவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். தரவுத்தளத்தில் கையே வைக்காமல், எழுத்துப் புலங்களின் சுட்டுகள் பழைய வரிசையிலேயே நிற்க, தேடினால் இருப்பதையே இல்லை என்று சொல்லும் நிலை வந்தது. தனித்தன்மை விதி போட்ட புலத்தில் இரட்டைப் பதிவுகள்கூட நுழையலாம். சுட்டுகளைத் திரும்பக் கட்டினால் தேடல் சரியாகும், நுழைந்த இரட்டைகளை நாம்தான் களைய வேண்டும். தரவுத்தளத்தின் வரிசைப் பதிப்பையே குறித்துவைத்து, மாறினால் எச்சரிக்கும் வழக்கம் போஸ்ட்கிரெஸ் 15-இல்தான் வந்தது. கறார் என்று பேர் வாங்கியதும் சில இடங்களில் வாயைத் திறக்காமல்தான் இருந்திருக்கிறது.

அப்படியானால் எதை எண்ணுவது? பதிவுகளை எண்ணுவதற்குப் பதில் ஒவ்வொரு புலத்தையும் எண்ணலாம். எண்ணும் கட்டளைக்குள் நட்சத்திரக் குறிக்குப் பதில் புலத்தின் பெயரைக் கொடுத்தால் வெற்று மதிப்புகளை விட்டுவிட்டு எண்ணும். மைஎஸ்க்யூஎல் சுழித் தேதியையும் மதிப்பாகவே எண்ணும், போஸ்ட்கிரெஸில் அது வெற்றாகிப் போயிருக்கும். இரண்டு எண்களின் வித்தியாசம்தான் வழியில் தொலைந்தவை. என் சோதனை நகலில் ஒரே வரியில் அகப்பட்டது.

எனக்குத் தோதுப்பட்ட வழி இது. தேதிப் புலத்தை மட்டும் கருவியிடம் கொடுக்காமல், பதிவு எண்ணோடு சேர்த்து வெறும் எழுத்தாகக் கோப்பில் இறக்கினேன். போஸ்ட்கிரெஸில் ஓர் எழுத்துப் புலத்தில் அப்படியே ஏற்றினேன். அதிலிருந்து வீச்சை உருவாக்க மூன்றே விதிகள் போதுமாக இருந்தன: நாள் சுழி, மாதமும் சுழி, எல்லாமே சுழி. அறுபதாண்டுப் பெயர்களைப் பழைய குறிப்புப் புலத்திலிருந்து கையால்தான் எடுக்கிறேன், ருத்ரோத்காரி வரை வந்திருக்கிறது. எழுத்துப் புலத்தை அழிக்கவில்லை. அழிக்கப்போவதும் இல்லை.