ஆல்டோவுக்கு லாரி ரப்பர்

லாரி கேபினின் தலைக்கு மேல் சரிவாக நிற்கும் ஃபைபர் தடுப்பைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் உயர்ந்து நிற்கும் சுமையின் நெற்றியில் காற்று நேராக முட்டாமல் அதை மேலே ஏற்றி அனுப்புவது அதன் வேலை. பாடி கட்டுவதற்கே பேர்போன நாமக்கல் பக்கம் லாரிக்கு இதெல்லாம் நடக்கிறது. காருக்கோ, அழகுக்கு ஒட்டும் ஸ்பாய்லரோடு சரி. உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் சாமானை வைத்து ஒரு பழைய ஆல்டோ காரின் காற்றெதிர்ப்பைக் குறைக்க முடியுமா என்று பார்த்தேன்.

முதலில் கணக்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்ல எஞ்சின் செலவிடும் சக்தி வேகத்தின் முப்படியில் ஏறும். சின்னக் கார் ஒன்று மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது காற்று பிடித்து இழுப்பது ஏறக்குறைய 50 நியூட்டன்தான். 80-இல் அது 200 ஆகிறது, 100-ஐத் தொட்டால் 300-ஐத் தாண்டுகிறது. டயர் உருள்வதற்கான தடையோ எல்லா வேகத்திலும் 100 நியூட்டனை ஒட்டியே நிற்கும். அதனால் சேலம் ஐந்து ரோட்டு நெரிசலிலேயே ஓடும் காருக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. பைபாஸில் ஓடும் காருக்குத்தான் இது.

இதைப் பட்டறை வேலை என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1970-களில் நாசாவின் டிரைடன் ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியாளர் சைக்கிளில் வேலைக்குப் போவார். பெரிய லாரிகள் கடக்கும்போதெல்லாம் காற்று அவரை முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். அதை யோசித்தவர் ஒரு பழைய ஃபோர்டு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்துச் சதுரப் பெட்டியாக்கினார். பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக உருட்டி அளந்தார். செங்குத்து மூலைகளை மட்டும் உருட்டியதற்கே எதிர்ப்பு 40 சதவீதம் குறைந்தது. இங்கே அதை நினைக்காமல் நாமக்கல் சாலையில் போக முடியாது. கேஸ் டேங்கரின் இரு முனைகளும் உருண்டிருப்பது உள்ளழுத்தத்தைத் தாங்கத்தான், ஆனால் காற்றுக்கும் அது தோதாக அமைந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி அதற்கு நேரெதிர்; அதில் காற்று முட்டாத இடமே இல்லை.

ஆல்டோவுக்கு வருவோம். நூல் துண்டுகளைக் கூரையிலும் பின்கண்ணாடியிலும் டேப் போட்டு ஒட்டினேன். இளம்பிள்ளைத் தறிக்காரர் ஒருவர் கொடுத்த கழிவு நூல் அது. நண்பர் பின்னால் வந்து செல்போனில் படம் எடுத்தார். கூரையில் நூல்கள் வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து கிடந்தன. கூரை முடிந்து கண்ணாடி தொடங்கும் இடத்தில் துடித்தன. டிக்கியின் கீழ்ப்பகுதியில் சில நூல்கள் மேல்நோக்கி, வண்டி போகும் பக்கமே திரும்பி நின்றன. காற்று அங்கே காரை விட்டுப் பிரிந்து சுழல்கிறது. அந்தச் சுழல்தான் காரைப் பின்னுக்கு இழுக்கிறது.

அதைக் குறைக்கும் வழி வால் வைப்பதுதான். அமெரிக்காவில் ஒருவர் 1992 ஹோண்டா சிவிக்குக்கு நீண்ட வால் கட்டி 'ஏரோசிவிக்' என்று ஓட்டினார். நான் சன்பேக் ஷீட்டில், அதாவது விளம்பர போர்டுக்கு அடிக்கும் குழாய்க்குழாயான பிளாஸ்டிக் அட்டையில், ஒரு குட்டி வால் செய்து பார்த்தேன். நூல்கள் அடங்கின, அது உண்மை. ஆனால் டிக்கி திறக்காது, பின்னால் வருவது தெரியாது, நம்பர் பிளேட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாது. ஒரு தனியார் இடத்துக்குள் ஓட்டிப் பார்த்ததோடு கழற்றிவிட்டேன்.

நிலைத்த வேலைகள் இரண்டு. ஒன்று முன் பம்பருக்கு அடியில் தொங்கும் காற்றுத் தடுப்பு. இதற்கு லாரி மட்பிளாப் ரப்பரை விடச் சிறந்த பொருள் எனக்குத் தெரியவில்லை. வேகத்தடையில் மடங்கி நிமிரும், கல் பட்டால் உடையாது. அடியில் மிகத் தாழ்ந்து தொங்கும் பாகத்தின் மட்டத்துக்கு அது வந்தால் போதும். அதற்கும் கீழே இறக்கினால் ரப்பரே புதிய தடையாகிவிடும்.

இரண்டாவது அடித்தட்டு. காரின் அடிப்பக்கம் குழாய், குறுக்குச் சட்டம், பள்ளம் என்று மேடுபள்ளமாகக் கிடக்கும். எல் ஆங்கிள் வைத்து, பாப் ரிவெட் அடித்து, சன்பேக் ஷீட்டால் மூடலாம். சைலன்சர் குழாய்க்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் அருகில் மட்டும் கூடவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும், கன்வெர்ட்டர் அதைவிடப் பல மடங்கு சூடாகும். அங்கே அலுமினியத் தகடு, அதுவும் தள்ளி, இல்லையென்றால் திறந்தே விடுங்கள். ஒன்று கவனிக்க: தடுப்பும் அடித்தட்டும் ஒரே காற்றைத்தான் சமாளிக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் வராது.

கிரில்லை அடைப்பது வெளிநாட்டில் முதல் பாடம். பனி விழும் ஊருக்கு அது பொருந்தும். சித்திரை மாதச் சேலத்தில், கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் காற்றுக்கு ஏங்கும்போது, அது தற்கொலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறுவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். சக்கரத்தை மூடும் தட்டையான மூடிக்கு எவர்சில்வர் தாம்பாளம் அளவாகப் பொருந்தும். சேலத்தில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூடு வெளியேற வேண்டும். கழன்றால் அது ஓடுகிற தாம்பாளம் அல்ல, பறக்கிற கத்தி. மதிப்பெண் பூஜ்யம்.

பலனை எப்படி அளப்பது? விடியற்காலையில், மல்லூர் தாண்டி ஆண்டகளூர் கேட் பக்கம் சாலை காலியாக இருக்கும்போது, 80-இல் நியூட்ரலுக்கு மாற்றி 60-க்கு இறங்கும் நேரத்தை ஜிபிஎஸ் செயலியில் பிடிக்க வேண்டும், இரு திசையிலும். எஞ்சினை அணைக்கக் கூடாது, பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். நாசாவும் அந்த வேனை இப்படி உருளவிட்டுத்தான் அளந்தது. ஆல்டோ மாதிரிக் காருக்கு இந்த இறக்கம் 20 நொடி வாக்கில் முடியும். காற்றெதிர்ப்பை 10 சதவீதம் குறைத்துவிட்டாலும் அதில் கூடுவது ஒரு நொடிக்குச் சற்று மேல்தான். ஆடிக் காற்றிலோ, முன்னால் ஒரு முட்டை லாரி போனாலோ அந்த ஒரு நொடி காணாமல் போய்விடும். 'மைலேஜ் நாலு கூடிடுச்சு' என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தில், எந்தத் திசையில் என்று கேளுங்கள்.

என் காரில் ஒரு நொடியை ஒட்டிய வித்தியாசம் தெரிந்தது. பைபாஸ் ஓட்டத்தில் 5 சதவீதம் பெட்ரோல் மிச்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் 1,000 கிலோமீட்டர் ஓடினால் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சாமான் செலவு சில பயணங்களில் திரும்பிவிடும், நம் உழைப்புக்குக் கூலி போடாவிட்டால். கூரையில் வெறுமனே கேரியர் மாட்டிச் சுற்றுகிறவர்கள் முதலில் அதைக் கழற்றட்டும்; 100-இல் போகிறவர்கள் 80-க்கு வரட்டும். இரண்டும் ரிவெட் இல்லாத வேலை, பலனும் பெரிது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வால் வைத்தால் காரின் நீளமே மாறுகிறது. அடித்தட்டும் ரப்பரும் அளவை மாற்றுவதில்லை என்றாலும், ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று: ஆயில் மாற்றும் இடத்துக்கு நேரே அடித்தட்டில் ஒரு கதவு வெட்டி வையுங்கள். காரைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் அடித்தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மைலேஜ் வருதோ இல்லியோங்ண்ணா, அடியில சல்லி பறந்து அடிக்காதுங்க. ஆனா மழை முடிஞ்சதும் கழட்டிச் சேத்த வழிச்சுப் போடணும். இல்லாட்டி அந்த எடையையும் சேத்துத்தான் இழுத்துட்டுப் போவீங்க."